பி91 குழாயில் வெல்டு வெடித்தால் என்ன செய்வது?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ஒரு பட்டறையில் வேலை செய்யும் தம்பி கேட்டிருக்கும் கேள்வியின் சுருக்கம் இது. இவ்வளவு நாள் செம்பனை ஆலைகளின் நீராவிக் குழாய்களில் வெல்டிங் செய்தவர். இப்போது பட்டறைக்கு மின் நிலைய வேலை வந்திருக்கிறது. 10 அங்குல பி91 குழாய் (உயர் சூட்டு நீராவிக்கான குரோமியம் கலந்த இரும்பு), சுவர் கனம் 25 மி.மீ. ஒரு ஜாயிண்ட் முடிந்து, ஹீட்டர் செட் வரத் தாமதமாகி, இரண்டு நாள் அப்படியே கொட்டகையில் கிடந்தது. இடையில் மழைச் சாரலும் பட்டது. அல்ட்ராசோனிக்கில் பார்த்தால் வெல்டின் வழியே 60 மி.மீ. நீளத்துக்கு விரிசல், வெளிப்பரப்பிலிருந்து 9 மி.மீ. ஆழம் வரை. “உரசி எடு, ராட் போட்டு மூடு, நாளைக்கு அனுப்பணும்” என்கிறார் சுப்பர்வைசர். செய்யலாமா?

பழுது பார்க்கலாம் தம்பி. ஆனால் அவர் சொல்கிற மாதிரி இல்லை. கார்பன் இரும்பில் பழுது என்றால் கெட்டதை எடுத்துவிட்டு நல்லதை நிரப்புவது. பி91-இல் நிரப்புவது வேலையில் பாதிகூட இல்லை. எந்தச் சூட்டில் தொடங்கினோம், எங்கே வரை ஆறவிட்டோம், மறுபடி எவ்வளவு ஏற்றினோம், எவ்வளவு நேரம் வைத்தோம் என்பதுதான் பழுது. ஹீட்டர் செட்டும் சார்ட் ரெக்கார்டரும் பட்டறையில் வந்து நிற்காத வரை அந்த விரிசலில் கிரைண்டரை வைக்காதீர்கள்.

காரணம் அந்த இரும்பிலேயே இருக்கிறது. பி91-இல் சுமார் 9 விழுக்காடு குரோமியம், 1 விழுக்காடு மாலிப்டினம், கூடவே கொஞ்சம் வெனேடியம், நையோபியம், நைட்ரஜன். இது காற்றில் ஆறினாலே மார்டென்சைட் என்ற கடினமான உள்ளமைப்பு ஆகிவிடும். வெல்டு போட்டு அப்படியே விட்டால் கடினம் 400 விக்கர்ஸைத் தாண்டி நிற்கும். கண்ணாடிபோல் உடையும் நிலை அது. பிறகு 760 டிகிரி வாக்கில் வைத்துப் பதப்படுத்தினால்தான் குழாய்க்குரிய குணம் வரும். பதப்படாத அந்த நிலையில் ஈரம் பட்டால் இரண்டு விதமாகக் கெடும். ராட்டிலிருந்து உள்ளே போன ஹைட்ரஜன், ஆறிய சில மணி நேரத்திலிருந்து சில நாள்களுக்குள் வெடிப்பை உண்டாக்கும். வெளியே தங்கிய ஈரம், இறுகி நிற்கும் பரப்பில் அரிப்பு விரிசலைத் தொடக்கிவிடும். உங்கள் ஜாயிண்டுக்கு இந்த இரண்டும் நடக்க வாய்ப்பு இருந்திருக்கிறது.

ஆகவே முதல் வேலை காரணத்தைத் தேடுவது. ராட் எந்த அடுப்பில் காய்ந்தது, காய்ந்த பிறகு எவ்வளவு நேரம் திறந்து கிடந்தது, ப்ரீஹீட் (வெல்டுக்கு முன் ஏற்றும் சூடு) எவ்வளவு, வெல்டு முடிந்ததும் ஹைட்ரஜன் பேக் (ஹைட்ரஜன் வெளியேறச் சூட்டில் வைப்பது) செய்தார்களா என்று எழுதி வைத்த தாளைப் பாருங்கள். தாளே இல்லையென்றால் அதுவே காரணத்தில் பாதி. அதே நாளில், அதே ராட் பெட்டியிலிருந்து போட்ட மற்ற ஜாயிண்டுகளையும் மேக்னடிக் பார்ட்டிகல் (காந்தத் தூள் சோதனை) போட்டுப் பாருங்கள். ஒன்று மட்டும் வெடித்து மற்றதெல்லாம் நன்றாக இருப்பது அபூர்வம். அதோடு உலோகக் கலவையைக் காட்டும் எக்ஸ்ஆர்எஃப் துப்பாக்கியை வெல்டின் மேலும் குழாயின் மேலும் வையுங்கள். 2.25 குரோமியம் ராட்டும் 9 குரோமியம் ராட்டும் பட்டறையில் கலந்துபோவது நடக்கக்கூடியது. ராட்டின் பூச்சில் எழுத்து அழிந்துவிட்டால் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். வெல்டில் குரோமியம் 2 என்று காட்டினால் பழுது என்ற பேச்சே இல்லை, முழு ஜாயிண்டையும் வெட்ட வேண்டியதுதான். ஒன்றை நினைவில் வையுங்கள்: அந்தத் துப்பாக்கி கார்பனைக் காட்டாது. கார்பன் தெரிய ஸ்பார்க் வகை ஓஇஎஸ் கருவி வேண்டும்.

அடுத்து, பழுதா வெட்டா என்ற முடிவு. உங்கள் குழாயின் சுற்றளவு சுமார் 857 மி.மீ. விரிசல் 60 என்றாலும் தோண்டி முடிக்கும்போது பள்ளம் மேற்பரப்பில் 140 மி.மீ. அளவுக்கு நீளும். அது சுற்றளவில் ஆறில் ஒரு பங்கு. இதைப் பழுது பார்க்கலாம். சுற்றளவில் கால் பங்கைத் தாண்டினாலோ, விரிசல் வேரை (வெல்டின் உள்பக்க அடியை) தொட்டாலோ, ஏற்கெனவே ஒரு முறை பழுது பார்த்த இடமாக இருந்தாலோ நான் வெட்டச் சொல்வேன். இது கோட் (விதிநூல்) வாசகம் இல்லை, அனுபவக் கணக்கு. ஒவ்வொரு பழுதும் இன்னொரு முறை 760 டிகிரியில் சில மணி நேரம். அந்த நேரமெல்லாம் சேர்ந்து குழாயை மெல்ல மெல்ல இளக்கிக்கொண்டே போகும். உங்கள் வாடிக்கையாளரின் ஸ்பெக்கில் எத்தனை பழுது அனுமதி என்று எழுதியிருக்கும், அதைத்தான் பின்பற்ற வேண்டும். வெட்டினால் பழைய வெல்டின் விளிம்பிலிருந்து இரு பக்கமும் குறைந்தது 10 மி.மீ. தள்ளி வெட்டுங்கள். பழைய வெல்டு சூடு தின்ற பகுதி முழுதும் போக வேண்டும்.

இனி தோண்டும் வேலை. உங்கள் ஜாயிண்ட் இன்னும் பதப்படாமல் இருக்கிறது. முதலில் ஹீட்டரைச் சுற்றி, மெதுவாக ஏற்றி, சுமார் 300 டிகிரியில் இரண்டு மணி நேரமாவது வையுங்கள். உள்ளே தங்கிய ஹைட்ரஜன் வெளியேறட்டும். பிறகு போர்வைக்குள்ளேயே ஆறவிட்டுத் தோண்டுங்கள். ஆர்க் கவுஜிங் வேண்டாம். கார்பன் கம்பியால் எரித்துத் தோண்டினால் பரப்பில் கார்பனும் கடினத் தோலும் சேரும், ஆறும்போது புது வெடிப்பு வரும். தவிர்க்கவே முடியாத தடித்த குழாய் என்றால் ப்ரீஹீட்டோடு செய்து, பிறகு 3 மி.மீ. கிரைண்டரால் எடுத்துவிட வேண்டும். உங்கள் 9 மி.மீ.க்கு கிரைண்டரும் கார்பைட் பர்ரும் போதும். கார்பன் இரும்பில் ஓடிய வட்டை இதில் வைக்காதீர்கள், இதற்கென்று தனி வட்டு. ஒரே இடத்தில் அழுத்திப் பிடித்து நீலம் பாயவிடாதீர்கள். அந்த நீலம் அங்கே ஒரு கடினப் புள்ளி.

விரிசலின் இரு முனைகளையும் முதலில் கண்டுபிடியுங்கள். கிரைண்டர் உரசிய பரப்பு பளபளவென்று இருக்கும், விரிசலும் மறைந்தது போலத் தோன்றும். உண்மையில் உலோகம் இழுபட்டு விரிசலின் வாயை மூடியிருக்கும். யோக்கை (கையில் பிடிக்கும் மின்காந்தம்) விரிசலுக்குக் குறுக்கே வைத்து, வெள்ளைப் பூச்சின் மேல் கறுப்புத் தூளைத் தூவிப் பாருங்கள். எதுவுமே இல்லாத இடத்தில் முடி மாதிரி ஒரு கோடு எழும். அந்தக் கோடு முடிந்ததாகத் தெரியும் இடத்திலிருந்தும் இரண்டு பக்கமும் இன்னும் கொஞ்சம் எடுத்து, மறுபடி பார்க்க வேண்டும். பி91 காந்தம் பிடிக்கும் இரும்பு, அதனால் மேக்னடிக் பார்ட்டிகல்தான் இதற்குச் சிறந்தது. சாய முறையை மட்டும் நம்பினால் வாய் மூடிய விரிசல் தப்பிவிடும். 304, 316 மாதிரி காந்தம் பிடிக்காத ஸ்டெயின்லெஸ்ஸில்தான் சாயம் வழக்கமான வழி.

பள்ளத்தின் வடிவம் ராட் நுழைய வசதியாக இருக்க வேண்டும். அடி வளைவு 6 மி.மீ. ஆரம், சுவர்கள் பக்கத்துக்கு 20 டிகிரி சாய்வு, மேலே சுமார் 16 மி.மீ. அகலம். முனைகள் ஒன்றுக்கு நான்கு என்ற சரிவில் படகு மாதிரி ஏறி வரட்டும். செங்குத்தாக நின்ற முனையில்தான் அடுத்த லேக் ஆஃப் ஃபியூஷன் (உலோகம் உருகி ஒட்டாத குறை) வரும். ஆழத்தை 10 மி.மீ.யில் முடித்தால் அடியில் 15 மி.மீ. உலோகம் மீதம், உள்ளே ஆர்கான் தேவையில்லை. மீதம் 6 மி.மீ.க்குக் கீழே போனால் சூடு உள்பக்கம் தாக்கும். அப்போது ஆர்கான் பர்ஜ் (குழாயின் உள்ளே காற்றை நீக்கி ஆர்கான் நிரப்புவது) கட்டாயம். பர்ஜ் இல்லாமல் 9 குரோமியத்தில் வேர் போட்டால் உள்ளே கறுத்துச் சுருண்டு சர்க்கரைப் பொரி மாதிரி நிற்கும். பின்னால் அதுவே உதிர்ந்து டர்பைன் பக்கம் போகும். நீரில் கரையும் தாள் அணையைக் கட்டி, ஆக்சிஜன் மீட்டரில் 0.1 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கிய பிறகே ஆர்க் தொடங்குங்கள். குறைந்தது இரண்டு அடுக்கு முடியும்வரை ஆர்கானை நிறுத்தாதீர்கள்.

ராட் விஷயத்தில் நம் ஊர்க் காற்றை மறக்கவே கூடாது. இ9015-பி91 (பழைய பெயர் பி9) ராட்டை நம் காலைப் பனியிலோ மழைநாளிலோ ஒரு மணி நேரம் திறந்து வைத்தால் அது குறைந்த ஹைட்ரஜன் ராட் இல்லை. அடுப்பில் 300 முதல் 350 டிகிரி வரை, தயாரிப்பாளர் பெட்டியில் எழுதிய நேரம் காய வையுங்கள். பிறகு 120 டிகிரிக்கு மேல் ஹோல்டிங் அடுப்பு. கையில் எடுப்பது மின்சாரம் கொடுத்த குவிவரில் (ராட்டைச் சூடாக வைக்கும் கைப்பெட்டி) மட்டும், கொஞ்சம் கொஞ்சமாக. மீந்ததைத் திருப்பி வைத்துக் காய வைப்பதற்கும் வரம்பு உண்டு. செம்பனை ஆலையில் 7018 ராட்டை மேஜை மேல் பரப்பி வைத்துப் போட்ட பழக்கம் இங்கே வந்தால் மறுபடி வெடிக்கும். ராட் வாங்கும்போது சான்றிதழில் நிக்கலும் மாங்கனீஸும் சேர்ந்து எவ்வளவு என்று பாருங்கள். 1.0 விழுக்காட்டை ஒட்டி இருப்பது நல்லது. அது கூடக் கூட, பதப்படுத்தும் சூட்டுக்கும் உலோகம் மறுபடி ஆஸ்டெனைட் (உயர் சூட்டில் இருக்கும் உள்ளமைப்பு) ஆகத் தொடங்கும் சூட்டுக்கும் இருக்கும் இடைவெளி சுருங்கிவிடும்.

ப்ரீஹீட் 200 டிகிரிக்குக் குறையக்கூடாது. பள்ளத்தின் பக்கம் மட்டும் டார்ச் காட்டினால் போதாது, குழாயைச் சுற்றி முழு வளையமும் சூடாக வேண்டும். பாஸுக்கு (ராட்டின் ஓர் ஓட்டம்) இடையே 300 டிகிரியைத் தாண்டவிடாதீர்கள். 2.5 மி.மீ. ராட்டில் அடியும் சுவர்களும், பிறகு 3.2-இல் நிரப்பல். நேர்கோட்டுப் பாஸ்கள் போடுங்கள், அகல வீசல் வேண்டாம். ஒவ்வொரு அடுக்கும் 3 மி.மீ. கனத்துக்குள். கணக்குக்கு ஓர் எடுத்துக்காட்டு: 110 ஆம்ப், 24 வோல்ட், நிமிடத்துக்கு 100 மி.மீ. வேகம் என்றால் மில்லிமீட்டருக்கு சுமார் 1.6 கிலோஜூல். 1 முதல் 2 வரை என்பது நல்ல எல்லை, ஆனால் உங்கள் டபிள்யூபிஎஸ் (வெல்டிங் நடைமுறைத் தாள்) சொல்வதே கடைசி வார்த்தை. மெல்லிய பாஸ்களாகப் போட்டால் அடுத்த பாஸின் சூடு முந்தையதைப் பதப்படுத்தும். பாஸ் முடியும் இடத்தில் விழும் சிறு குழியை நிரப்பிவிட்டு ஆர்க்கை அணையுங்கள், நட்சத்திர விரிசல் அங்கேதான் பிறக்கும். ஆர்க்கைப் பள்ளத்துக்குள்ளேயே தொடங்குங்கள். குழாய்ப் பரப்பில் ஒரு தடவை ராட் தட்டினால் பொட்டளவு இடம் கண்ணாடிக் கடினமாகிவிடும். அதை உரசி எடுத்து, மேக்னடிக் பார்ட்டிகலில் பார்த்தே ஆக வேண்டும். கிளாம்புக்காகக் கார்பன் இரும்புத் துண்டைக் குழாயில் ஒட்டுவதும் அதே குற்றம்.

இனி நான் அதிகம் கவலைப்படும் இடம். வெல்டு முடிந்ததும் 200 டிகிரியிலிருந்து நேராக 760-க்கு ஏற்றிவிட ஆசை வரும், நேரம் மிச்சமாகுமே என்று. அப்படிச் செய்தால் என்ன நடக்கும்? பி91 வெல்டு சுமார் 100 டிகிரி வரை இறங்கினால்தான் ஆஸ்டெனைட் எல்லாம் மார்டென்சைட்டாக மாறி முடியும். 200-இல் நிறுத்தி மேலே ஏற்றினால் மாறாத ஆஸ்டெனைட் மீதம் இருக்கும். பிடபிள்யூஎச்டி (வெல்டுக்குப் பின் 760 டிகிரியில் பதப்படுத்துவது) முடிந்து குழாய் ஆறும்போது அது மார்டென்சைட்டாக மாறும். அதைப் பதப்படுத்த இனி யாரும் வரப்போவதில்லை. சார்ட் அழகாக இருக்கும், வெல்டுக்குள் உடையக்கூடிய திட்டுகள் உட்கார்ந்திருக்கும். ஆகவே போர்வைக்குள்ளேயே மெதுவாக 95 டிகிரிக்குக் கீழே இறக்கி, ஒரு மணி நேரமாவது அங்கேயே வைத்துவிட்டு, பிறகு பிடபிள்யூஎச்டி தொடங்குங்கள். பிடபிள்யூஎச்டி தாமதமாகும் என்று தெரிந்தால் உடனே 300 டிகிரி ஹைட்ரஜன் பேக் கொடுத்து, ஆறியபின் பிளாஸ்டிக் சுற்றி, ஈரம் படாத இடத்தில் வையுங்கள். தகரக் கூரை ஒழுகும் கொட்டகை அதற்கான இடம் இல்லை. பேக் என்பது ஒத்திவைப்பு மட்டும்தான், பிடபிள்யூஎச்டிக்கு ஈடு ஆகாது.

பிடபிள்யூஎச்டியும் குழாயின் முழு வளையத்துக்கும்தான். பழுது பார்த்த இடத்தில் மட்டும் ஒரு பேடைக் கட்டிச் சூடேற்றினால் அந்த இடம் விரிய, சுற்றியிருக்கும் குளிர்ந்த இரும்பு விடாமல் பிடிக்க, புது அழுத்தம் தங்கிவிடும். உங்கள் அளவுக்கு செராமிக் பேட்களை சுமார் 300 மி.மீ. அகலத்துக்கும், போர்வையை 500 மி.மீ.க்குக் குறையாமலும் சுற்றுங்கள். கே வகை தெர்மோகப்பிள்களை 12, 3, 6, 9 மணித் திசைகளில் வெல்டின் மேலேயே ஸ்பாட் செய்து பொருத்துங்கள். பழுது பார்த்த இடத்துக்கு ஒன்று தனியாக, ஒவ்வொன்றுக்கும் உதிரி ஒன்று. பேடின் நேர்ச்சூடு படாதபடி தெர்மோகப்பிள் நுனியை மூட வேண்டும். இல்லாவிட்டால் அது பேடின் சூட்டைச் சொல்லும், குழாயின் சூட்டைச் சொல்லாது. கிடைநிலைக் குழாயில் மேல் பக்கம் எப்போதும் சூடு கூடுதல், அதனால் மேலுக்கும் கீழுக்கும் தனித்தனி கட்டுப்பாடு கொடுங்கள். குழாயின் இரு முனைகளையும் அடையுங்கள், உள்ளே காற்று ஓடினால் அடிப்பக்கம் ஏறவே ஏறாது. 760 டிகிரியில் இந்த இரும்புக்கு வலு குறைவு. ஸ்டாண்டை ஜாயிண்டுக்கு இரு பக்கமும் நெருக்கி வையுங்கள், இல்லையென்றால் தன் எடையிலேயே தொய்யும்.

300 டிகிரிக்கு மேல் மணிக்கு 100 முதல் 150 டிகிரி வரை ஏற்றலாம். 750 முதல் 770 வரையில் நிறுத்துவது பெரும்பாலான டபிள்யூபிஎஸ்களில் காணும் எல்லை. 25 மி.மீ.க்கு ஒரு மணி நேரம் என்பது அடிப்படைக் கணக்கு. பதம் சீராக வர இரண்டு மணி நேரத்துக்குக் குறைக்காதீர்கள். இறக்குவதும் ஏற்றிய வேகத்தில்தான், 300-க்குக் கீழே போர்வையோடு தானாக ஆறட்டும். 800-ஐ நெருங்கவிட்டால் வெல்டு உலோகம் மறுபடி ஆஸ்டெனைட் ஆகத் தொடங்கலாம். அப்படியான ஜாயிண்டை இன்னொரு பிடபிள்யூஎச்டியால் சரிக்கட்ட முடியாது. அந்தத் துண்டு முழுவதையும் 1040 டிகிரிக்கு மேல் நார்மலைஸ் செய்து மறுபடி பதப்படுத்த வேண்டும், அல்லது வெட்டி எறிய வேண்டும். பட்டறை ஜெனரேட்டர் நடுவில் நின்றுவிட்டால் பதறிப் போர்வையைப் பிரிக்காதீர்கள். மூடியபடியே ஆறட்டும். மின்சாரம் வந்ததும் அதே வேகக் கட்டுப்பாட்டில் மறுபடி ஏற்றுங்கள். எவ்வளவு நேரம் எல்லைக்குள் இருந்தது என்பது சார்ட்டில் இருக்கும், மீதத்தை வெல்டிங் என்ஜினியர் முடிவு செய்வார். இன்னொரு ஜெனரேட்டர் வாடகைக்கு நிற்பது ஜாயிண்டை வெட்டுவதைவிட மலிவு, தவுக்கேயிடம் (முதலாளியிடம்) அதைத் தைரியமாகச் சொல்லுங்கள்.

எல்லாம் ஆறியபின் ஹார்ட்னெஸ். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். குழாயின் மேல் தோலில் சூட்டால் கார்பன் இழந்த மெல்லிய அடுக்கு இருக்கும். அதன் மேல் அளந்தால் 170 என்று காட்டிப் பயமுறுத்தும். 0.5 முதல் 1 மி.மீ. வரை எடுத்து, நன்றாக மெருகேற்றி அளந்தால் 205 என்று வரலாம். குழாய்ப் பகுதியில் 190 முதல் 250 பிரினெல் வரை நல்லது. வெல்டு அதைவிடக் கொஞ்சம் கூடுதலாக இருக்கும், அது தவறில்லை. 300-ஐத் தாண்டினால் பதம் போதவில்லை. சார்ட்டையும் தெர்மோகப்பிள் இடத்தையும் பாருங்கள், மறுபடி பிடபிள்யூஎச்டி செய்து சரிக்கட்ட வாய்ப்பு உண்டு. 190-க்குக் கீழே உண்மையாகவே இறங்கியிருந்தால் அதிகச் சூடு தின்றுவிட்டது என்று பொருள். அது பல ஆண்டு நீராவியில் தாங்காது. துள்ளி அளக்கும் சிறு கருவி நிற்கும் கோணத்துக்கும் கனத்துக்கும் ஏற்ப மாறிக் காட்டும், ஆகவே ஓர் இடத்தில் ஐந்து அளவாவது எடுத்துச் சராசரி பாருங்கள். ஸ்பாட் செய்த தெர்மோகப்பிள் தழும்புகளை உரசி எடுங்கள். கடைசி மேக்னடிக் பார்ட்டிகலும் அல்ட்ராசோனிக் அல்லது ரேடியோகிராஃபும் பிடபிள்யூஎச்டிக்குப் பிறகுதான் கணக்கு, அதுவும் பழுது இடத்துக்கு மட்டும் இல்லாமல் முழு ஜாயிண்டுக்கும். ரேடியோகிராஃபுக்கு 1984-ஆம் ஆண்டு அணுச்சக்தி உரிமச் சட்டத்தின் கீழ் உரிமம் பெற்ற ஆள்தான் வர வேண்டும்.

ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த குழாய் என்றால் கதை வேறு. பல ஆண்டு ஓடிய பி91-இல் விரிசல் பெரும்பாலும் வெல்டு உலோகத்தில் வராது. வெல்டின் சூடு பட்ட பகுதியின் வெளி விளிம்பில், மென்மையான ஒரு மெல்லிய பட்டையில் வரும். அதை டைப் 4 என்பார்கள். உள்ளேயே முதலில் நுண்துளைகள் சேரும், வெளியே தெரியும்போது ஆழம் அதிகம் போயிருக்கும். மேலோட்டமாக உரசி நிரப்பினால் புது வெல்டின் விளிம்பில் அதே மென்மையான பட்டை மறுபடி உண்டாகும். அதில் கை வைக்கும்முன் மீதமுள்ள ஆயுளைக் கணிக்கும் என்ஜினியர் வேண்டும்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். 1967-ஆம் ஆண்டுத் தொழிற்சாலை, இயந்திரச் சட்டம் 2024 ஜூன் 1 முதல் நீங்கி, கொதிகலன் விவகாரமெல்லாம் 1994-ஆம் ஆண்டுப் பணியிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின் கீழ் வந்துவிட்டது. பார்ப்பது அதே ஜேகேகேபி (பணியிடப் பாதுகாப்பு, சுகாதாரத் துறை). தகுதிச் சான்றிதழோடு ஓடும் கொதிகலனின் அழுத்தப் பகுதியில் பழுது என்றால் அவர்கள் ஒப்புதல், பி91-க்குத் தேறிய டபிள்யூபிஎஸ், அந்த உலோகத் தொகுதிக்கும் நிலைக்கும் தேறிய வெல்டர் என மூன்றும் வேண்டும். ஏஎஸ்எம்இ கணக்கில் பி91 தனித் தொகுதி, 15இ. கார்பன் இரும்புக்குத் தேறிய நடைமுறைத் தாளைக் காட்டி இதில் வெல்டு போட முடியாது. உங்கள் பெயரில் இருக்கும் 6ஜி (சாய்ந்து நிற்கும் குழாய் நிலை) சான்றிதழ் எந்த ராட் தொகுதிக்கு, எந்தக் கனம் வரைக்கு என்று எடுத்துப் படித்துப் பாருங்கள்.

சுப்பர்வைசரிடம் பேசும்போது நேரக் கணக்காகச் சொல்லுங்கள். தோண்டி, சோதித்து, நிரப்பி முடிக்க ஒரு நாள். 95-க்குக் கீழே ஆறி, ஏற்றி, வைத்து, இறக்க இன்னொரு நாள். மூன்றாம் நாள் ஹார்ட்னெஸ்ஸும் சோதனையும். ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு தாள்: விரிசல் வரைபடம், தோண்டிய பள்ளத்தின் படமும் அளவும், ராட் பேட்ச் எண், அடுப்புப் பதிவு, ப்ரீஹீட்டும் இன்டர்பாஸும், பிடபிள்யூஎச்டி சார்ட், ஹார்ட்னெஸ் அளவுகள், கடைசிச் சோதனை அறிக்கை. இந்த எட்டும் சேராமல் அந்த ஸ்பூலை (குழாய்த் துண்டை) லாரியில் ஏற்ற யாரும் கையெழுத்துப் போடக்கூடாது, நீங்களும்தான்.